பதிவேட்டுக்கு வெளியே இறந்தவர்கள்: டுகேலா ஃபெரி மருத்துவமனையின் காசநோய்த் திட்டம் – ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு மருத்துவமனையின் காசநோய்த் திட்டத்தை மதிப்பிடப் போகிறவர்கள் முதலில் கேட்டு வாங்குவது சிகிச்சைப் பதிவேட்டைத்தான். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குணமானார்கள், எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேர் மருந்தைப் பாதியில் விட்டார்கள் என்று அதில் பார்ப்பார்கள். இந்தக் கணக்கு கட்டாயம் வேண்டும். ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் எவ்வளவு பெரிய ஆபத்து கண்ணில் படாமல் போகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில், டுகேலா ஃபெரி என்ற சிற்றூரில் இருக்கும் ஒரு மருத்துவமனையின் அனுபவமே சாட்சி. 2005இலும் 2006இலும் அங்கே கண்டறியப்பட்ட உண்மைகள் காசநோய் பற்றிய உலகின் பார்வையையே மாற்றின. அவற்றை ஒரு திட்ட மதிப்பீட்டாளர் எப்படிப் படிக்க வேண்டும் என்பதுதான் இந்த ஆய்வு.

இடமும் திட்டமும்

சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்து மருத்துவமனை என்பது அதன் பெயர். எம்சிங்கா என்ற கிராமப்புறப் பகுதிக்கான அரசு மருத்துவமனை, சுமார் 350 படுக்கைகள் கொண்டது. சுற்றிலும் வாழ்பவர்கள் பெரும்பாலும் ஏழை சுலு மக்கள். காசநோயோடு வருபவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எச்.ஐ.வி. தொற்றும் இருந்தது. இந்த இரண்டு நோய்களும் ஒரே உடலில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது தெரிந்ததே: எதிர்ப்புச் சக்தி குறையக் குறைய, உடலில் அடங்கிக் கிடந்த காசநோய்க் கிருமி விழித்துக்கொள்கிறது. புதிதாகத் தொற்றும் கிருமியோ வருடக்கணக்கில் காத்திராமல் சில மாதங்களிலேயே நோயாக மாறிவிடுகிறது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இது அலட்சியமான மருத்துவமனை அல்ல. காசநோய்க்கு ஒரு பிரிவு, எச்.ஐ.வி.க்கு இன்னொரு பிரிவு என்று நோயாளியை அலைய விடுவது பல இடங்களில் வழக்கமாக இருந்த காலத்தில், இரண்டுக்கும் சேர்த்து சிகிச்சை தர முயன்ற மருத்துவமனை இது. மருந்தை ஒருவர் நேரில் பார்த்து விழுங்கச் செய்யும் முறையும் அங்கே இருந்தது. அங்கே பணியாற்றிய டாக்டர் டோனி மோலும், அவரோடு சேர்ந்து உழைத்த அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழுவினரும் தங்கள் நோயாளிகளை உன்னிப்பாகக் கவனித்து வந்தவர்கள். அப்படிக் கவனித்ததால்தான் விஷயமே வெளியே வந்தது.

அன்றைய உலக அளவுகோல்களையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சளியில் கிருமி தெரிகிற புதிய நோயாளிகளில் 70 சதவீதம் பேரைக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தவர்களில் 85 சதவீதம் பேரைக் குணமாக்குவது என்ற இரண்டு இலக்குகளை 1991இல் உலக சுகாதார மாநாடு வகுத்திருந்தது. முதலில் 2000ஆம் ஆண்டுக்கு என்று வைத்து, பிறகு 2005க்குத் தள்ளிப் போட்டார்கள். திட்டங்கள் எல்லாம் இந்த இரண்டு எண்களைப் பார்த்தே ஓடின. பரிசோதனை முறையும் அதற்கேற்பவே இருந்தது. புதிதாக வரும் நோயாளிக்கு மைக்ராஸ்கோப்பில் சளிப் பரிசோதனை போதும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையும், எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்று பார்க்கும் சோதனையும் ஏற்கனவே சிகிச்சை எடுத்துத் தோற்றவர்களுக்கும், நோய் திரும்பி வந்தவர்களுக்கும் மட்டும். செலவு, ஆய்வக வசதி, நேரம் எல்லாவற்றையும் யோசித்து வைத்த விதி அது. மருந்து எதிர்ப்பு என்பது ஒழுங்காக மருந்து சாப்பிடாதவர்களிடம் உருவாகும் பிரச்சினை என்ற நம்பிக்கைதான் அதற்கு அடிப்படை.

எல்லோருடைய சளியும் கல்ச்சருக்குப் போனபோது

எச்.ஐ.வி. மருந்துக்கு உடல் நன்றாக ஒத்துழைத்துக்கொண்டிருந்த சிலர் காசநோயால் இறந்தார்கள். மருந்தையும் ஒழுங்காகவே சாப்பிட்டிருந்தார்கள். இது பொருந்தவில்லை. மருத்துவர்கள் சளி மாதிரிகளைக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். வந்த முடிவைப் பார்த்ததும், காசநோய் என்று தெரிந்தவர்கள், சந்தேகப்படுகிறவர்கள் எல்லோருடைய மாதிரிகளையும் அனுப்பத் தொடங்கினார்கள்.

2005 ஜனவரி முதல் 2006 மார்ச் வரை 1,539 பேரிடம் சளி எடுக்கப்பட்டது. அதில் 221 பேருக்குப் பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத எம்.டி.ஆர். காசநோய், அதாவது ஐசோனியசிட், ரிபாம்பிசின் என்ற இரண்டு முக்கிய மருந்துகளும் வேலை செய்யாத வகை. அந்த 221 பேரில் 53 பேருக்கு அதையும் தாண்டிய எக்ஸ்.டி.ஆர். வகை. இரண்டாம் வரிசை மருந்துகளான ஃபுளோரோகுயினோலோன்களும் ஊசி மருந்துகளும்கூட அவர்களுக்குப் பயன்படாது. கையில் இருந்த மருந்துகள் அநேகமாகத் தீர்ந்துவிட்ட நிலை.

53 பேரில் 52 பேர் இறந்தார்கள். இறந்த தேதி உறுதியாகத் தெரிந்த 42 பேரை எடுத்துக்கொண்டால், சளி மாதிரி கொடுத்த நாளிலிருந்து அவர்கள் வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு 16 நாட்கள், அதாவது சுமார் பாதிப் பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். கல்ச்சரும் மருந்துச் சோதனையும் சேர்ந்து முடிவு வர அன்று வாரக்கணக்கில் ஆகும். அப்படியென்றால் முடிவு மருத்துவமனைக்கு வந்து சேரும்போது பெரும்பாலான நோயாளிகள் உயிரோடு இல்லை. நீல் காந்தி முதல் ஆசிரியராக இருந்து எழுதிய இந்த ஆய்வு 2006இல் லான்செட் இதழில் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் டொராண்டோவில் நடந்த சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டில் இந்தச் செய்தி வெளியானபோது ஏற்பட்ட அதிர்ச்சி பெரியது. உலக சுகாதார நிறுவனம் அக்டோபரில் எக்ஸ்.டி.ஆர். என்பதற்கான வரையறையையே திருத்தி வகுத்தது.

எத்தனை பேரில் எத்தனை பேர்?

மதிப்பீடு செய்யப் பழகுகிறவர்கள் இந்த ஆய்வின் எண்களை ஒரு முறை மெதுவாகப் படித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் வகுக்கும் எண் வேறு.

முன்பு காசநோய் சிகிச்சை எடுத்தார்களா என்பது 53 பேரில் 47 பேருக்குத்தான் தெரிந்தது. அதில் 26 பேர், அதாவது 55 சதவீதம் பேர், வாழ்நாளில் ஒரு முறைகூடக் காசநோய் மருந்து சாப்பிட்டதில்லை. அண்மையில் மருத்துவமனையில் தங்கினார்களா என்பது 42 பேருக்குத் தெரிந்தது. 28 பேர், 67 சதவீதம், தங்கியிருந்தார்கள். எச்.ஐ.வி. சோதனை 44 பேருக்கு நடந்தது; 44 பேருக்கும் தொற்று இருந்தது. கிருமியின் மரபுக் கைரேகை 46 பேருக்குப் பார்க்கப்பட்டது. 39 பேரிடம், 85 சதவீதம், ஒரே மாதிரியான கிருமி.

'எக்ஸ்.டி.ஆர். நோயாளிகள் அனைவருக்கும் எச்.ஐ.வி. இருந்தது' என்று இதைச் சுருக்கி எழுதுவது எளிது. ஆனால் 9 பேருக்குச் சோதனையே நடக்கவில்லை. அவர்களைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது. ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்திலேயே மொத்தத்தைக் கொடுத்தார்கள். மருத்துவமனை அறிக்கைகளில் இந்த நேர்மை அடிக்கடி தொலைந்துபோகிறது. விவரம் கிடைக்காதவர்களைக் கணக்கிலிருந்து சத்தமில்லாமல் கழித்துவிட்டு மீதிப் பேருக்குச் சதவீதம் போட்டால், எந்தத் திட்டமும் நல்ல திட்டமாகத் தெரியும். விவரம் இல்லாதவர்கள் பெரும்பாலும் மிக மோசமான நிலையில் வந்தவர்கள், சீக்கிரம் இறந்தவர்கள், முகவரி சரியாக எழுதப்படாதவர்கள். காசநோய்த் திட்டம் யாருக்காக இருக்கிறதோ அவர்கள்தான் இப்படிக் கணக்கிலிருந்து விழுகிறார்கள்.

விகிதம் கணக்கிட எடுத்துக்கொண்ட கூட்டமும் தனி. கல்ச்சரில் காசநோய் உறுதியான 475 பேரில் 185 பேருக்கு, அதாவது 39 சதவீதம் பேருக்கு எம்.டி.ஆர்., 30 பேருக்கு, 6 சதவீதம் பேருக்கு எக்ஸ்.டி.ஆர். மேலே சொன்ன 221, 53 என்ற எண்களை எடுத்து இந்த 475ஆல் வகுத்தால் தவறான விடை கிடைக்கும். சரி, இது சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். ஒரு மாவட்டம் எத்தனை பேருக்கு இரண்டாம் வரிசை மருந்து வாங்கி வைக்க வேண்டும் என்று முடிவு செய்வது இப்படிப்பட்ட விகிதத்தை வைத்துத்தான்.

இன்னொரு குறையும் உண்டு, அது எந்த எண்ணிலும் தெரியாது. சளி கொடுக்கும் முன்பே இறந்தவர்கள், இருமிச் சளி எடுக்கக்கூடத் தெம்பில்லாமல் போனவர்கள், மருத்துவமனைக்கு வராமலே வீட்டில் இறந்தவர்கள் யாரும் இந்த 53இல் இல்லை.

விதியே கண்ணை மறைத்தது

55 சதவீதம் என்ற எண்ணுக்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் மதிப்பீட்டின் மையம் அதுதான்.

கல்ச்சர் சோதனை முன்பு சிகிச்சை எடுத்தவர்களுக்கு மட்டும் என்பது விதி. எக்ஸ்.டி.ஆர். வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் முன்பு சிகிச்சை எடுக்கவே இல்லை. ஆக, அந்த மருத்துவமனை விதியை நூறு சதவீதம் ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தால், இந்த நோயாளிகளில் பாதிக்கு மேல் கண்ணில் பட்டிருக்கவே மாட்டார்கள். சாதாரணக் காசநோய் என்று பதிவாகி, சாதாரண மருந்து தரப்பட்டு, சில நாட்களில் 'இறப்பு' என்ற கட்டத்தில் ஒரு எண்ணாக முடிந்திருப்பார்கள். எச்.ஐ.வி. முற்றிய நிலையில் வந்தார், அதனால் இறந்தார் என்று அதற்கு ஒரு விளக்கமும் தயாராக இருந்திருக்கும்.

வழக்கமான மதிப்பீட்டில் 'வழிகாட்டி நெறிகள் பின்பற்றப்படுகின்றனவா?' என்பது முக்கியமான கேள்வி. டுகேலா ஃபெரியில் அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்ற பதில் கிடைத்திருந்தால் அது பாராட்டாக எழுதப்பட்டிருக்கும், அதே நேரத்தில் கொள்ளைநோய் வார்டுக்குள் பரவிக்கொண்டிருந்திருக்கும். ஆகவே மதிப்பீட்டில் இன்னொரு கேள்வியும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்: இந்த விதி யாரைப் பார்க்காமல் விடுகிறது? அந்தக் கேள்விக்குப் பதில் தேட, விதிக்கு வெளியே இருக்கும் நோயாளிகளில் சிலரையாவது குறிப்பிட்ட காலத்துக்குச் சோதித்துப் பார்க்க வேண்டும். எல்லோரையும் எப்போதும் சோதிக்க வசதி இல்லாத இடத்தில்கூட, வருடத்தில் சில வாரங்களுக்கு வருகிற எல்லோருடைய சளியையும் கல்ச்சருக்கு அனுப்புவது முடியாத காரியம் அல்ல.

திரும்பி வந்த நோயா, புதிய தொற்றா?

2008இல் வெளியான இன்னொரு ஆய்வு அதே மருத்துவமனையின் நோயாளிகளைப் பற்றியது. முதலில் மருந்துக்குக் கட்டுப்படும் காசநோயோடு வந்தவர்கள், சிகிச்சையின்போதோ முடிந்த பிறகோ மருந்துக்குக் கட்டுப்படாத நோயோடு மீண்டும் தென்பட்டார்கள். வழக்கமாக இதை எப்படி எழுதுவோம்? 'சிகிச்சைத் தோல்வி' அல்லது 'நோய் மீண்டது'. காரணம் என்ற இடத்தில் 'மருந்து ஒழுங்காக உட்கொள்ளவில்லை' என்று வரும். முதல் கிருமியையும் பின்னால் வந்த கிருமியையும் மரபு அமைப்பில் ஒப்பிட்டபோது, பழைய கிருமி எதிர்ப்பைப் பெற்று மாறவில்லை, முற்றிலும் வேறொரு கிருமி வந்து தொற்றியிருக்கிறது என்று தெரிந்தது. முதல் நோய் சரியாகிக்கொண்டிருந்தபோதே இரண்டாவது நோய் தொற்றியிருக்கிறது.

இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. மருந்தை நாள் தவறாமல் விழுங்கியவர், சிகிச்சைக்கென்று வந்த இடத்திலேயே அதைவிடக் கொடிய கிருமியைச் சுவாசித்திருக்கலாம். பதிவேடோ அவரைப் பொறுப்பில்லாதவர் என்று சொல்கிறது. 'தோல்வி' என்ற கட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் குற்றம் யாருடையது என்று விசாரிக்காமல் எழுதும் மதிப்பீடு அநியாயமானது. வீட்டுக்கு ஆள் அனுப்பி 'ஏன் மருந்தை விட்டீர்கள்' என்று கேட்பதற்கு முன்னால், அவர் எந்த வார்டில், யாருக்குப் பக்கத்தில், எத்தனை நாட்கள் படுத்திருந்தார் என்று பார்க்க வேண்டும்.

வார்டுகளின் வலைப்பின்னல்

மருத்துவமனைக்குள்ளேயே பரவியதா என்ற கேள்விக்கு நேரடியான பதில் சில ஆண்டுகள் கழித்து வந்தது. 2013இல் வெளியான ஆய்வில் 148 எக்ஸ்.டி.ஆர். நோயாளிகளின் மருத்துவமனை நாட்களை எடுத்து, யார் யாரோடு எப்போது ஒரே இடத்தில் இருந்தார்கள் என்று வலைப்பின்னலாக வரைந்தார்கள். 93 சதவீதம் பேர் பிறருக்குத் தொற்றக்கூடிய நிலையில் உள்நோயாளிகளாக இருந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தின் இடைநிலை அளவு 15 நாட்கள். கிருமிகளில் 96 சதவீதம் ஒரே கொத்தைச் சேர்ந்தவை. 82 சதவீதம் பேருக்கு இன்னொரு நோயாளியோடு தொடர்பு கண்டுபிடிக்கப்பட்டது. ஒருவரிடமிருந்து அடுத்தவர், அவரிடமிருந்து இன்னொருவர் என்று பல தலைமுறையாகத் தொற்று பரவியிருந்தது.

இதற்குத் தேவைப்பட்ட தகவல் என்ன என்று பாருங்கள். சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் தேதி, வார்டின் பெயர். எந்த மருத்துவமனையின் அலுவலகத்திலும் இது இருக்கும். மரபுச் சோதனை பெரிய ஆய்வகங்களுக்கு மட்டுமே சாத்தியம் என்றாலும், படுக்கை வரலாற்றை வரைந்து பார்ப்பதற்கு ஒரு கணினியும் பொறுமையும் போதும்.

பாதிக்கப்பட்டவர்கள் நோயாளிகள் மட்டும் அல்ல. குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 2003 முதல் 2008 வரை எம்.டி.ஆர். காசநோய்க்காகச் சேர்க்கப்பட்டவர்களைப் பற்றிய ஆய்வு, சுகாதாரப் பணியாளர்களில் லட்சத்துக்கு 64.8 பேர் என்றும், மற்றவர்களில் லட்சத்துக்கு 11.9 பேர் என்றும் கணக்கிட்டது. ஐந்து மடங்குக்கு மேல். எக்ஸ்.டி.ஆர். என்றால் 7.2க்கு 1.1. மருத்துவமனையின் காசநோய்த் திட்ட அறிக்கையில் ஊழியர்களின் நோய் பற்றி ஒரு வரிகூட இல்லாவிட்டால் அந்த அறிக்கை அரைகுறை. நர்ஸ், ஆய்வகப் பணியாளர், துப்புரவுப் பணியாளர் என்று ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேருக்கு வந்தது என்பது, அந்தக் கட்டடத்தின் காற்று எப்படி இருக்கிறது என்பதை எந்தக் கருவியையும்விடத் தெளிவாகச் சொல்லும். அவர்கள் தங்கள் எச்.ஐ.வி. நிலையை அறிந்துகொண்டு, வேலை இடத்தை மாற்றிக் கேட்க, அவமானமில்லாத வழி இருக்கிறதா என்பதையும் மதிப்பீடு கேட்க வேண்டும்.

எதைச் செய்திருந்தால் எவ்வளவு குறைந்திருக்கும்

2007இல் லான்செட்டில் வந்த ஒரு கணித மாதிரி ஆய்வு, ஒன்றும் செய்யாமல் விட்டால் டுகேலா ஃபெரி பகுதியில் 2012 இறுதிக்குள் சராசரியாக 1,300 எக்ஸ்.டி.ஆர். நோயாளிகள் வருவார்கள், அதில் பாதிக்கு மேல் மருத்துவமனைக்குள் தொற்றியதாக இருக்கும் என்று கணித்தது. பிறகு ஒவ்வொரு தடுப்பு முறையையும் போட்டுப் பார்த்தது. முகக்கவசம் மட்டும் என்றால் பொதுவான பரவலில் 10 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் தடுக்க முடியும், ஊழியர்களைப் பெருமளவு காப்பாற்றும். அதோடு மருத்துவமனையில் தங்கும் நாட்களைக் குறைத்து, வெளிநோயாளியாகவே சிகிச்சை தந்தால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தடுக்கலாம். காற்றோட்டம், விரைவான மருந்துச் சோதனை, எச்.ஐ.வி. சிகிச்சை, தனி அறைகள் எல்லாம் சேர்ந்தால் 48 சதவீதம். நோயாளிகளை வலுக்கட்டாயமாக அடைத்து வைக்க வேண்டும் என்ற பேச்சு அன்று தென்னாப்பிரிக்காவில் பலமாக இருந்தது. போதிய தனி அறைகள் இல்லாமல் அப்படிச் செய்தால் நோய் குறையாது, கூடிவிடும் என்று அதே ஆய்வு எச்சரித்தது.

இவை மாதிரிக் கணக்குகள், நடந்ததை எண்ணிச் சொன்னவை அல்ல. ஆனாலும் ஒரு மதிப்பீட்டாளருக்கு அவை தரும் பாடம் பெரியது. தனித்தனி நடவடிக்கைக்குத் தனித்தனியாக மதிப்பெண் போட்டால் எல்லாமே சுமாராகத் தெரியும். முகக்கவசம் வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று ஒரு கட்டத்தில் டிக் அடிப்பதால் எதுவும் மாறாது. சேர்ந்து செய்தால்தான் பலன்.

காற்றோட்டம் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது செலவு குறைந்தது, ஆனால் பலரும் அளந்தே பார்ப்பதில்லை. பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் அளந்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், கதவு சன்னல்களை முழுக்கத் திறந்தால் அறையின் காற்று மணிக்கு 28 முறை மாறியது. இயந்திர வசதி செய்த தனிமை அறைகளுக்குப் பரிந்துரைக்கப்படும் 12 முறையைவிட இது இரண்டு மடங்குக்கு மேல். உயரமான கூரையும் பெரிய சன்னல்களும் உள்ள பழைய கட்டடங்களில் 40 முறை, புதிய கட்டடங்களில் 17 முறை. பழைய வார்டை இடித்துவிட்டுக் கூரை தாழ்ந்த, ஏசி வைத்த புதிய வார்டு கட்டுவது முன்னேற்றமாகத் தெரிந்தாலும், இருமுகிறவர்களைப் படுக்க வைக்கும் இடத்துக்கு அது பின்னடைவாகிவிடலாம். அளக்கும்போது பகலில் மட்டும் போய் அளந்தால் போதாது. குளிர்கால இரவில் நோயாளிகள் சன்னலை மூடுவார்கள், மூடத்தான் செய்வார்கள். போர்வை போதுமான அளவு தரப்படுகிறதா என்பதும் அங்கே தொற்றுத் தடுப்புக் கேள்விதான்.

நோயாளிக்குச் சாதாரண சர்ஜிகல் மாஸ்க் அணிவித்தால் என்ன பயன் என்பதையும் தென்னாப்பிரிக்காவிலேயே, எமலாலேனி நகரில் சோதித்தார்கள். எம்.டி.ஆர். வார்டின் காற்று இரண்டு கூட்டம் கினிப் பன்றிகளுக்கு மாறி மாறிப் போனது. நோயாளிகள் மாஸ்க் அணியாத நாட்களில் அந்தக் காற்றைச் சுவாசித்த 90 விலங்குகளில் 69க்குத் தொற்று வந்தது. மாஸ்க் அணிந்த நாட்களின் காற்றைச் சுவாசித்த 90இல் 36க்கு மட்டும்.

எங்கிருந்து வந்தது இந்தக் கிருமி

2005இல் திடீரென்று முளைத்த கிருமி என்றுதான் எல்லோரும் முதலில் நினைத்தார்கள். குவாசுலு-நட்டாலில் சேமித்த கிருமிகளின் முழு மரபணுத் தொடரைப் படித்து 2015இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது. அந்த வம்சத்தில் ஐசோனியசிட்டுக்கு எதிர்ப்பு 1950களின் பிற்பகுதியிலேயே தோன்றிவிட்டது. எம்.டி.ஆர். ஆனது 1980களில். எக்ஸ்.டி.ஆர். ஆனது 1990களின் நடுப்பகுதியில். அதாவது கண்டுபிடிப்பதற்குச் சுமார் 10 ஆண்டுகள் முன்பே அது மக்களிடையே இருந்திருக்கிறது. அந்தப் பத்தாண்டில் எழுதப்பட்ட எந்தத் திட்ட அறிக்கையும் அதைப் பார்த்திருக்க முடியாது, ஏனென்றால் பார்க்கும் சோதனையை யாரும் செய்யவில்லை.

மருத்துவமனைக்கு வெளியே நிலவரம் என்ன என்பதற்கு 2017இல் அதே மாகாணத்திலிருந்து பதில் வந்தது. 404 எக்ஸ்.டி.ஆர். நோயாளிகளில் 280 பேர், 69 சதவீதம், அதற்கு முன் எம்.டி.ஆர். சிகிச்சையே எடுக்கவில்லை. அரைகுறைச் சிகிச்சையால் தங்கள் உடலில் எதிர்ப்பை உருவாக்கிக்கொண்டவர்கள் அல்ல, இன்னொருவரிடமிருந்து பெற்றவர்கள். மொத்தம் 404 பேரில் நேரடித் தொடர்போ மருத்துவமனைத் தொடர்போ கண்டுபிடிக்க முடிந்தது 123 பேருக்கு மட்டும். மீதிப் பேருக்கு எங்கே தொற்றியது என்று காட்ட முடியவில்லை. மருத்துவமனையை மட்டும் சரிசெய்தால் போதும் என்ற முடிவுக்கும் ஆதாரம் இல்லை என்பதே இதன் பொருள்.

இன்றைய நிலையில் இந்த நிகழ்வைப் படிப்பது

பிறகு நிறைய மாறியது. சளி மாதிரியில் சுமார் 2 மணி நேரத்தில் காசநோயையும் ரிபாம்பிசின் எதிர்ப்பையும் காட்டும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனையை 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது, தென்னாப்பிரிக்கா அடுத்த ஆண்டே அதைப் பரவலாக்கத் தொடங்கியது. டுகேலா ஃபெரியில் எம்.டி.ஆர். நோயாளிகளுக்கு எச்.ஐ.வி. சிகிச்சையோடு சேர்த்து வீட்டிலேயே சிகிச்சை தரும் திட்டமும் வந்தது. பெடாகுயிலின், பிரெட்டோமனிட், லினசோலிட் என்ற மூன்று மருந்துகளை ஆறு மாதம் தந்து பார்த்த நிக்ஸ்-டிபி ஆய்வு தென்னாப்பிரிக்காவில் நடந்தது. 109 பேரில் 98 பேருக்கு நல்ல முடிவு. அவர்களில் பெரும்பாலோர் எக்ஸ்.டி.ஆர். நோயாளிகள். 53இல் 52 பேர் இறந்த அதே நாட்டில் 2020இல் வெளியான முடிவு இது. காசநோயோடு மல்லுக்கட்டுகிற எல்லோரும் மனதாரக் கொண்டாட வேண்டிய விஷயம்.

ஆனால் புது மருந்து வந்துவிட்டது என்பதால் மதிப்பீட்டின் கேள்விகள் பழசாகிவிடவில்லை. டுகேலா ஃபெரியின் 2005–2007 நோயாளிகளைப் பற்றிய பிந்தைய ஆய்வில், ஓராண்டுக்குள் எம்.டி.ஆர். நோயாளிகளில் 71 சதவீதம் பேரும் எக்ஸ்.டி.ஆர். நோயாளிகளில் 83 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். சளி கொடுத்த 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் முறையே 40 சதவீதமும் 51 சதவீதமும். முதல் 30 நாட்களில் சரியான மருந்து கைக்குக் கிடைக்கவில்லை என்றால், எவ்வளவு நல்ல மருந்தாக இருந்தாலும் இவர்களைப் பொறுத்தவரை அது இல்லாததுதான். எமலாலேனியில் நடந்த இன்னொரு கினிப் பன்றி ஆய்வு, சரியான மருந்து தொடங்கியதும் எம்.டி.ஆர். நோயாளிகள் பிறருக்குத் தொற்றுவது வேகமாக நின்றுவிடுகிறது என்றும், பொருத்தமான சிகிச்சை கிடைக்காத எக்ஸ்.டி.ஆர். நோயாளிகளிடமிருந்தே தொற்று தொடர்ந்தது என்றும் காட்டியது. ஆக, காத்திருக்கும் நாட்கள் நோயாளியின் உயிரையும் பக்கத்துப் படுக்கைக்காரரின் உயிரையும் ஒன்றாகத் தீர்மானிக்கின்றன.

அதனால் ஒரு மருத்துவமனையின் காசநோய்த் திட்டத்தை மதிப்பிடும்போது நான் முதலில் கேட்கும் கணக்கு குணமடைந்த சதவீதம் அல்ல. நோயாளி மருத்துவமனைக்குள் வந்த நாள், சளி எடுத்த நாள், முடிவு மருத்துவரின் கைக்கு வந்த நாள், சரியான மருந்தின் முதல் வேளையை விழுங்கிய நாள் என்று நான்கு தேதிகள் வேண்டும். சராசரி போதாது, மிக அதிகமாகக் காத்திருந்த பத்தில் ஒரு பங்கு நோயாளிகளின் கதையைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இந்தத் தேதிகள் எல்லாம் ஒரே பதிவேட்டில் இருக்காது. வந்த நாள் ஓ.பி. சீட்டிலும், சளி எடுத்த நாள் ஆய்வகப் பதிவேட்டிலும், முதல் வேளை சிகிச்சை அட்டையிலும் இருக்கும். சிகிச்சை அட்டை தொடங்கும் முன்பே இறந்தவர்களின் தேதி வார்டின் இறப்புப் பதிவில் மட்டும்தான் இருக்கும். ஆய்வகத்தில் 'காசநோய் உறுதி' என்று வந்த பெயர்கள் ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு சிகிச்சைப் பதிவேட்டில் தேட வேண்டும். அங்கே கிடைக்காத பெயர்களை இறப்புப் பதிவில் தேட வேண்டும். இரண்டிலும் கிடைக்காதவர்கள் வீட்டுக்கு ஆள் போக வேண்டும்.